கட்டிளமைப் பருவத்து நட்பும் நலவாழ்வும்: தோழி மரபினின்று ஒரு நோக்கு

I

பிள்ளைகளின் நலவாழ்வு பற்றிப் பேசுமிடத்து எமது சமூகம் உணவைப் பற்றிப் பேசும். உறக்கத்தைப் பற்றிப் பேசும். நோய்த்தடுப்பைப் பற்றிப் பேசும். நட்பைப் பற்றிப் பேசுவது அரிது. பதினான்கு வயதுப் பிள்ளையொன்றின் நட்பு வீட்டிலே பேசுபொருளாவது பெரும்பாலும் அது குற்றச்சாட்டாக மாறும் வேளையிலேதான். பரீட்சையிற் புள்ளி குறைந்தாலும், வீட்டுக்குப் பிந்தி வந்தாலும், முகங்கொடுத்துப் பேசாவிட்டாலும் ‘சேர்க்கை சரியில்லை’ என்ற முடிவுக்கே பெரியோர் முதலில் வருகின்றனர். படிப்பும் வீட்டு வேலையும் முடிந்தபின் மிஞ்சும் நேரத்துக்குரிய ஒரு பொழுதுபோக்கே நட்பு என்னும் எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது.

இவ்வெண்ணத்தை மீள்பரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டிளமைப் பருவத்து நட்பு நலவாழ்வின் அடிப்படைகளுள் ஒன்று என்பதும், அதன் பயன் தோழர்களின் எண்ணிக்கையிலன்றி மனந்திறந்து பேசக்கூடிய ஒருவர் உளரா என்பதிலேயே தங்கியுள்ளது என்பதும், அத்தகைய நட்பு தனிமனிதரின் குணத்தால் மட்டும் விளைவதன்று, சமூகம் அதற்கு வழங்கும் இடத்தாலும் நேரத்தாலும் சமத்துவத்தாலும் விளைவது என்பதும் எமது கருத்துக்களாகும். இவற்றை விளக்குவதற்கு, தமிழிலக்கிய மாணவர் நன்கறிந்த ஓரிடத்திலிருந்து தொடங்குவோம்.

II

நட்புப் பற்றிய தமிழ்ச் சிந்தனை என்றவுடன் திருக்குறளே நினைவுக்கு வரும். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீநட்பு, கூடாநட்பு என ஐந்து அதிகாரங்களை (79-83) வள்ளுவர் இப்பொருளுக்கு ஒதுக்கியுள்ளார். எனினும் அவை பொருட்பாலில் இடம்பெறுவன. முதிர்ந்த ஆடவரின் உலகியல் வாழ்வை மனங்கொண்டு அமைந்தவை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பற்றிய புறநானூற்றுச் செய்தியும் வாழ்வின் முதிர்ச்சியில் வைத்துப் பேசப்படும் நட்பையே காட்டுகின்றது. கட்டிளமைப் பருவத்து நட்பைக் காண விரும்புவோர் அகத்திணை மரபில் வரும் தோழியிடமே செல்லுதல் வேண்டும்.

தோழி செவிலியின் மகள் எனத் தொல்காப்பியம் கூறுகின்றது. தலைவியும் அவளும் ஒரே வீட்டில், ஒரே தாயின் கவனிப்பில், ஒத்த வயதினராய் வளர்கின்றனர். களவொழுக்கத்துத் தலைவனுக்குப் பதினாறு வயதும் தலைவிக்குப் பன்னிரண்டு வயதும் கூறுவது பிற்கால உரைமரபு. இன்றைய நோக்கில் அவ்வயதில் மணம் கூடாதென்பதிற் கருத்து வேறுபாடில்லை. எனினும் அகப்பாடல்களிலே பேசப்படுவது இன்று நாம் கட்டிளமைப் பருவம் எனக் குறிக்கும் வயதே என்பது இதனாற் புலனாகும்.

இப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நிகழ்ச்சி மருத்துவ நோக்கிற் கவனிக்கத்தக்கது. தலைவி உண்ணாள், உறங்காள், உடல் மெலிகின்றது, மேனி நிறம் மாறிப் பசலை படர்கின்றது. தாய் கலங்குகின்றாள். கட்டுவிச்சியிடம் குறி கேட்கப்படுகின்றது. வேலன் அழைக்கப்பட்டு வெறியாட்டு நிகழ்கின்றது. நோய்க்குக் காரணம் முருகன் என முடிவாகின்றது. வீட்டிலுள்ள பெரியோர் அனைவரும் அக்கறையுடனேயே இவ்வாறு செய்கின்றனர். ஆயினும் நோயின் காரணத்தை அவருள் எவரும் அறியார். அறிந்தவள் ஒருத்தியே. அவள் தோழி.

தக்க வேளையில், தக்கவரிடம், தலைவியின் மதிப்புக்குக் குறைவு நேராத வகையில் தோழி உண்மையை வெளியிடுதலை ‘அறத்தொடு நிற்றல்’ என இலக்கண மரபு குறிக்கும். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் இவ்வொரு செயலையே பொருளாகக் கொண்டவை. தலைவியின் நோயையும், அதனைத் தீர்க்கச் செவிலி மேற்கொண்ட முயற்சிகளையும் முதலிற் சொல்லி, பின்னரே நடந்ததைத் தோழி எடுத்துரைக்கின்றாள். அவள் தாயைப் பழிப்பதில்லை, தலைவியைக் காட்டிக்கொடுப்பதுமில்லை. இரகசியம் காத்தலும் அதனை வெளியிடுதலும் ஆகிய இரண்டும் நட்பின் கடமைகள் என்பதும், எதனை எப்போது செய்வது என்பதே நட்பின் அறிவு என்பதும் இங்கு பொதிந்துள்ள கருத்தாகும்.

இம்மரபை நாம் குறைபாடற்றதாகக் கொள்ளவில்லை. தோழி தலைவியின் நோயைச் சொல்கின்றாள். தோழியின் நோயைச் சொல்பவர் எவருமிலர். செவிலியின் மகளாகிய அவளுக்குத் தனக்கென ஒரு விருப்போ துயரோ பாடல்களில் இல்லை. செல்வர் மனையில் வேலை செய்பவளின் மகள், அம்மனைக்குரியவளின் மனச்சுமையைத் தாங்குவதற்கே படைக்கப்பட்டவளாக நிற்கின்றாள். நட்பின் பயனைப் பெறுதலும் வர்க்க அமைப்புக்கு உட்பட்டது என்பதற்கு இது மிகப் பழைய சான்று எனலாம். இவ்விடயத்துக்குப் பின்னர் மீள்வோம்.

III

கட்டிளமைப் பருவம் அறிவியல் ஆய்வுக்குரிய தனிப்பொருளாகக் கொள்ளப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். அமெரிக்க உளவியலாளர் ஸ்ரான்லி ஹோல் 1904 இல் இப்பருவம் பற்றி வெளியிட்ட பெருநூல் இதனைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்த காலமாகக் கண்டது. எல்லாச் சமூகங்களிலும் இது இவ்வாறே அமையும் என்னும் கருத்து பின்னர் பலத்த விமரிசனத்துக்குள்ளாயிற்று. ஆயினும் பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையான காலத்தைத் தனித்த கவனத்துக்குரியதாக உலக சுகாதார நிறுவனமும் இன்று வரையறுத்துள்ளது.

இப்பருவத்தில் நட்பு ஏன் முதன்மை பெறுகின்றது? அமெரிக்க உளமருத்துவர் ஹரி ஸ்ராக் சலிவன் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் பயனுடையது. அவர் 1949 இல் மறைந்தபின், 1953 இல் அவருடைய விரிவுரைகள் நூலாக வெளிவந்தன. கட்டிளமையின் வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு ஒத்த வயதினர் ஒருவருடன் நெருங்கிய தோழமை அரும்புகின்றது என அவர் கூறினார். அதுவரை பிள்ளை, பிறர் தனக்கு என்ன தருவர் என்றே நோக்கியது. இப்பொழுதோ தோழரின் மகிழ்ச்சியும் துயரும் தனக்கும் முக்கியமானவை என முதன்முறையாக உணர்கின்றது. தன்னுள் இருப்பதை ஒருவரிடம் சொல்லி, அவர் வெறுக்காது ஏற்றுக்கொள்வதைக் காணும் பிள்ளை, தன்னைப் பற்றிய அச்சங்கள் பலவற்றினின்று விடுபடுகின்றது. முன்னர் வீட்டிலோ வகுப்பறையிலோ ஏற்பட்ட ஊறுகளையும் இத்தோழமை ஓரளவு ஆற்றவல்லது என்பது சலிவனின் துணிபு.

சோவியத் சமூகவியலாளர் ஈகோர் கொன் 1980 இல் நட்புப் பற்றித் தனிநூலொன்றையே வெளியிட்டார். நட்பு வரலாற்றில் மாறிவரும் ஒரு சமூக உறவு என்பதை வற்புறுத்திய வகையில் அந்நூல் குறிப்பிடத்தக்கது. இவ்விரு நோக்குகளையும் நாம் இணைத்தே கொள்ளுதல் வேண்டும். நட்பின் தேவை வளர்ச்சியின் விளைவு. அத்தேவை நிறைவேறுவதும் நிறைவேறாமற் போவதும் சமூகத்தின் விளைவு.

உடலியற் காரணங்களும் உள. பூப்பின் ஓமோன்கள் உடலை விரைவாக மாற்றுகின்றன. வெகுமதியையும் உணர்ச்சியையும் சார்ந்த மூளைப் பகுதிகளின் துலங்கல் இப்பருவத்தில் வலுப்பெறுகின்றது. திட்டமிடலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உரிய முன்நுதற் பகுதியோ இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கின்றது. பிறருடைய ஏற்பும் புறக்கணிப்பும் இப்பருவத்தினரை வேறெப்பருவத்தினரிலும் ஆழமாகத் தாக்குவதற்கு இவ்விடைவெளி ஒரு காரணமாகும். ஆகவே பதினான்கு வயதுப் பிள்ளை தோழியின் ஒரு சொல்லுக்காக இரவு முழுவதும் விழித்திருப்பதைச் சிறுபிள்ளைத்தனம் என ஒதுக்கிவிடல் பொருந்தாது.

IV

நட்புக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு முதலில் வளர்ந்தோரிடத்தேதான் அளந்து காட்டப்பட்டது. கலிபோர்ணியாவின் அலமேடா மாவட்டத்து மக்களை ஒன்பதாண்டுக்காலம் தொடர்ந்து அவதானித்த பேர்க்மன், சைம் ஆகியோரின் ஆய்வு 1979 இல் வெளிவந்தது. திருமணம், உறவினர், நண்பர், சங்கங்கள் ஆகிய பிணைப்புக்கள் மிகக் குறைந்தோர், அவை மிகுந்தோருடன் ஒப்பிடுமிடத்து, அவ்வொன்பதாண்டுகளில் இறக்கும் வாய்ப்பு ஆண்களிடையே 2.3 மடங்காகவும் பெண்களிடையே 2.8 மடங்காகவும் காணப்பட்டது. 2010 இல் 148 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கிய மற்றுமோர் ஆய்வு, வலுவான சமூக உறவுகளை உடையோர் உயிர்வாழும் வாய்ப்பு ஏனையோரினும் 50 வீதம் கூடியது எனக் கண்டது. தனிமை வெறும் மனவருத்தமன்று, அது உடலைத் தாக்குவது என்பதற்கு இவை வலுவான சான்றுகளாகும்.

இத்தாக்கம் எவ்வாறு நிகழ்கின்றது? மொன்றியல் நகரில் மேற்கொள்ளப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று இதற்கு ஒரு விளக்கத்தைத் தருகின்றது. ஐந்தாம், ஆறாம் வகுப்புக்களைச் சேர்ந்த 103 பிள்ளைகள் நான்கு நாட்கள், நாளொன்றிற் பலமுறை, தமக்கு நேர்ந்த விரும்பத்தகாத அனுபவங்களையும் அவ்வேளையில் உடனிருந்தோரையும் குறித்துவந்தனர். அவர்களது உமிழ்நீரிற் கோட்டிசோல் என்னும் நெருக்கீட்டு ஓமோனும் அளக்கப்பட்டது. நெருங்கிய நண்பர் உடனில்லாதபோது விரும்பத்தகாத அனுபவம் நேர்ந்தால் கோட்டிசோல் உயர்ந்தது. பிள்ளையின் தன்மதிப்புத் தாழ்ந்தது. நண்பர் உடனிருந்தபோது இம்மாற்றம் பெரிதும் தணிந்தது. கோட்டிசோல் நீண்டகாலம் உயர்ந்து நிற்பது நோயெதிர்ப்பையும் உறக்கத்தையும் பாதிக்கவல்லது என்பது மருத்துவம் அறிந்த செய்தி. நண்பர் அருகிருந்து எதுவும் செய்யவேண்டியதில்லை. அருகிருத்தலே உடலுக்குச் செய்தியாகின்றது.

இதன் பயன் நெடுநாள் நிலைப்பதாகவும் தெரிகின்றது. வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தார் ஒரே இளைஞர் தொகுதியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து வந்துள்ளனர். 171 பேர் பற்றி 2015 இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, பதின்மூன்று வயதுக்குப் பிற்பட்ட ஆண்டுகளில் நெருங்கிய நட்பின் தரம் உயர்ந்திருந்தோர் 27 வயதிற் சிறந்த உடல்நலத்தைக் கொண்டிருந்தனர். அத்தொகுதியில் 169 பேரைக் கொண்டு 2017 இல் வெளியான முடிவு மேலும் கருத்தூன்றத்தக்கது. 15 வயதில் ஆழ்ந்த நட்பைக் கொண்டிருந்தோரிடம் 25 வயதிற் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைந்து தன்மதிப்பு உயர்ந்திருந்தது. மாறாக, 15 வயதிற் பலராலும் விரும்பப்பட்டு வகுப்பிற் செல்வாக்குடன் விளங்கியோரிடம் 25 வயதிற் சமூகப் பதகளிப்புக் கூடியிருந்தது.

இவை சிறிய தொகுதிகள். தொடர்பைக் காட்டுவனவேயன்றிக் காரணத்தை ஐயத்துக்கிடமின்றி நிறுவுவன அல்ல. ஆயினும் இவை சுட்டும் திசை தெளிவானது. பலருக்கு அறிமுகமாயிருத்தல் வேறு. ஒருவருக்கு நண்பராயிருத்தல் வேறு. கைத்தொலைபேசியில் நூற்றுக்கணக்கான தொடர்புகளைக் கொண்ட பிள்ளை, தன் துயரைச் சொல்ல ஒருவருமின்றி இருத்தல் கூடும். தனிமை பற்றி உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணைக்குழு 2025 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறுபேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டுள்ளனர். 13 முதல் 29 வரையான வயதினருள் 17 முதல் 21 வீதத்தினர் தனிமையுணர்வைத் தெரிவித்துள்ளனர். அவருள்ளும் பதின்ம வயதினரிடையே அது மிகுந்துள்ளது. தோழமைக்கான கருவிகள் வேறெக்காலத்திலும் இல்லாத அளவுக்குப் பெருகிய காலத்தில் இந்நிலை காணப்படுவது சிந்தனைக்குரியது.

V

நட்பின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பெரியோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. காடினர், ஸ்ரைன்பேர்க் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட பரிசோதனையில் 306 பேர் கணினியில் மோட்டார் ஓட்டும் விளையாட்டொன்றில் ஈடுபடுத்தப்பட்டனர். தனித்து ஆடியபோதினும் ஒத்த வயதினர் பார்த்திருக்க ஆடியபோது இளவயதினர் மிகக்கூடிய ஆபத்தை மேற்கொண்டனர். இருபத்துநான்கு வயதைத் தாண்டியோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. புகைத்தலும் மதுவும் ஒப்பார் குழுவினூடாகப் பரவுவதும் இத்தன்மையதே.

இதனினும் நுட்பமான ஓர் ஆபத்தை அமண்டா றோஸ் 2002 இல் எடுத்துக்காட்டினார். தோழர் இருவர், குறிப்பாகத் தோழியர் இருவர், தமது துயரங்களையே மீண்டும் மீண்டும் கிளறிப் பேசிக்கொண்டிருக்கும்போது நட்பு நெருக்கமடைகின்றது. அதேவேளை மனச்சோர்வும் பதகளிப்பும் கூடுகின்றன. மனந்திறத்தல் நல்லது, வழியில்லாத மனந்திறத்தல் இருவரையும் ஒரே குழியில் இருத்திவிடும். துயரைக் கேட்கும் பிள்ளையும் ஒரு பிள்ளையே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

நட்பின் கோடுகளினூடாக நடத்தை பரவுவதை மிக முன்னரே படமாக வரைந்து காட்டியவர் மொரேனோ ஆவர். நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்த பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பாடசாலையிலிருந்து 1932 இல் இரு வாரங்களுக்குள் 14 பேர் தப்பியோடினர். தனித்தனியே அவர்களது குணங்களை ஆராய்ந்தோர் விடைகாணவில்லை. யார் யாரை விரும்புகின்றனர் என்பதைக் கேட்டறிந்து வலைப்பின்னலாக வரைந்த மொரேனோ, ஓடியவர்கள் அவ்வலையில் ஒருவரோடொருவர் பிணைந்திருந்தமையைக் காட்டினார். அவருடைய நூல் 1934 இல் வெளிவந்தது. அதிலிருந்து பெறத்தக்க படிப்பினை இருவகையது: தீமை செல்லும் அதே கோட்டினூடாகவே உதவியும் செல்லும். கோட்டை அறுப்பவர் இரண்டையும் அறுக்கின்றார். ‘அவளோடு சேராதே’ என்னும் கட்டளை பலவேளைகளிற் செய்வது இதுவே.

VI

இனி எமது சமூகத்தை நோக்குவோம். நட்புக்கு முதல் நிபந்தனை அருகருகே இருத்தல். யாழ்ப்பாணத்திற் சாதி ஒடுக்குமுறைக்குள்ளான பிள்ளைகள் பாடசாலையில் ஏனையோருடன் ஒரே வாங்கில் இருக்கும் உரிமைக்காக 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் போராட்டங்கள் நிகழ்ந்தன. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய இளைஞர் இயக்கம் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகக் குரல்கொடுத்தது. சம ஆசனம் என்பது கல்வியுரிமையாகவே இதுவரை நோக்கப்பட்டுள்ளது. அது நட்புக்கான உரிமையுமாகும். நிலத்தில் இருக்க வைக்கப்பட்ட பிள்ளைக்கு வாங்கில் இருந்த பிள்ளை நண்பனாவது எங்ஙனம்? சட்டம் வாங்கைத் தந்தபின்னும் வீட்டு முற்றத்தைத் தரவில்லை. வகுப்பிலே ஒன்றாக இருந்து, ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிக்க முடியாத நட்புக்களை எம்மிற் பலர் அறிவர்.

மலையகத்தில் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஐந்தாம் வகுப்புடன் நின்றன. சலிவன் கூறிய தோழமை அரும்பும் வயதிலேயே பிள்ளைகள் கொழுந்து பறிக்கவும், தொலைநகரங்களில் வீட்டு வேலை செய்யவும் அனுப்பப்பட்டனர். பிறர் வீட்டுச் சமையலறையில் தனித்துறங்கிய பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குக் கூலி மட்டும் மறுக்கப்படவில்லை. பேசுவதற்கு ஒத்த வயதினர் ஒருவரும் மறுக்கப்பட்டனர். செவிலியின் மகள் பற்றி முன்னர் நாம் எழுப்பிய வினா இங்கு உயிருடன் நிற்கின்றது.

பெண்பிள்ளைகளின் நிலை மேலும் நோக்கத்தக்கது. பூப்பெய்தலைச் சடங்காக்கிக் கொண்டாடும் எமது சமூகம், அன்று முதல் அவளுடைய நடமாட்டத்தைச் சுருக்குகின்றது. விளையாட்டுத் தோழமை முடிகின்றது. சைக்கிளில் தோழி வீட்டுக்குச் செல்வதற்கும் துணை வேண்டியதாகின்றது. உடல்மாற்றம் பற்றி அவளுக்கு எழும் வினாக்களை வீட்டிற் கேட்க இயலாது. கேட்கத்தக்க தோழியரிடம் செல்லவும் இயலாது. ஆண்பிள்ளைக்கோ நடமாட்டம் உண்டு, அழுவதற்கு அனுமதியில்லை. கூட்டாகச் சந்தியில் நிற்கும் இளைஞர் பலர் ஒருவருக்கொருவர் தம் துயரைச் சொல்லாது நிற்கின்றனர்.

கல்விமுறையின் பங்கு தனியே ஆராயத்தக்கது. ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் பரீட்சை வறிய பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலைகளின் கதவைத் திறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது நிகழும் வயது பத்து. சித்தியடைந்தவர் பெரிய பாடசாலைக்குச் செல்வர், மற்றவர் எஞ்சுவர். நெருங்கிய தோழமை தோன்றவேண்டிய தறுவாயில் வகுப்பு இரண்டாகப் பிளக்கின்றது. பின்னர் உயர்தரத்தில், பல்கலைக்கழக இடங்களிற் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையிற் பங்கிடப்படுதலால், ஒரே மாவட்டத்தவராகிய பக்கத்து வாங்குத் தோழனே நேரடிப் போட்டியாளனாகின்றான். காலையிற் பாடசாலை, மாலையிலும் வாரவிறுதியிலும் தனியார் கல்வி நிலையம் என ஓடும் பிள்ளைக்குத் தோழர் கூட்டம் உண்டு. தோழமைக்கு நேரம் இல்லை. குறிப்பை இரவல் கொடுக்கத் தயங்கும் பிள்ளையைச் சுயநலமி எனக் கூறுமுன், அத்தயக்கத்தைக் கற்பித்த முறைமை எது என நாம் வினவுதல் வேண்டும்.

போர் அறுத்த நட்புக்களும் பல. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது வகுப்பறைகளில் வாங்குகள் ஒரே நாளில் வெறுமையாயின. 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தது. 2004 இல் ஆழிப்பேரலை; 2009 இல் வன்னி மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். வீட்டையும் நிலத்தையும் உயிர்களையும் இழந்ததற்குக் கணக்கெடுப்பு உண்டு. பதின்மூன்று வயதில் ஒரு நண்பனை இழந்ததற்குக் கணக்கில்லை. அதனை இழப்பென்றே பலர் ஏற்பதுமில்லை.

VII

இவ்வாராய்ச்சியின் அவசரத்தை உணர்த்தும் செய்தியொன்றுண்டு. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவொன்று. கொடிய நச்சுப் பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதன் பின்னர், 2005 அளவில் அது பாதியாகக் குறைந்தது. பொதுச் சுகாதாரத்தின் பெருஞ்சாதனை இது. ஆனால் தமக்குத் தாமே தீங்கிழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுவோர் தொகை அதற்கேற்பக் குறையவில்லை. அவருள் இளவயதினர் பலர். இறப்புக் குறைந்தது; வேதனை குறையவில்லை.

வேதனையுறும் பிள்ளை பெரும்பாலும் முதலிற் சொல்வது பெற்றோரிடமன்று, ஆசிரியரிடமன்று, வைத்தியரிடமன்று. தோழனிடம் அல்லது தோழியிடமே. சொல்லிவிட்டு, ‘ஒருவருக்கும் சொல்லாதே’ என்றும் சொல்கின்றது. கேட்ட பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்ப்போம். சொன்னால் துரோகம், சொல்லாவிட்டால் ஆபத்து. சொல்வதாயினும் யாரிடம்? அடிக்கும் பெற்றோரிடமா? வகுப்பில் வைத்து விசாரிக்கும் ஆசிரியரிடமா? இவ்விடத்திலேதான் அறத்தொடு நிற்றல் என்னும் பழைய கருத்து புதிய பொருள் பெறுகின்றது. உயிருக்கு ஆபத்தான இரகசியத்தைத் தக்க பெரியவரிடம் சேர்ப்பிப்பது துரோகமன்று, அது நட்பின் நிறைவு என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்தல் வேண்டும்.

இது வெறும் விருப்பமன்று. செய்து பார்க்கப்பட்ட ஒன்று. அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பாடசாலைகளில் மாணவ வழிகாட்டிகளுக்குப் பயிற்சியளித்து மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 2010 இல் வெளியாயிற்று. தம்மிடம் துயருரைக்கும் நண்பரை நம்பிக்கைக்குரிய வளர்ந்தோரிடம் அழைத்துச் செல்வதே அப்பயிற்சியின் சாரம். பெரிய பாடசாலைகளில், பயிற்சி பெற்ற மாணவர் ஆபத்திலுள்ள நண்பரைப் பெரியவரிடம் கொண்டுசேர்த்தமை பயிற்சி பெறாதோரினும் நான்கு மடங்காக இருந்தது. உதவி கேட்பது இழுக்கன்று என்னும் எண்ணம் பயிற்சி பெறாத ஏனைய மாணவரிடையேயும் வளர்ந்தது.

எனினும் தோழி அறத்தொடு நிற்பதற்குக் கேட்கும் செவிலி ஒருத்தி வேண்டும். குறிஞ்சிப்பாட்டிற் செவிலி தோழியைத் தண்டித்திருப்பாளாயின் அப்பாட்டே இல்லை. ஆகவே பொறுப்பின் பெரும்பகுதி வளர்ந்தோருடையது. ஒவ்வொரு பாடசாலையிலும், தண்டிக்காது செவிமடுக்கும் ஆசிரியர் ஒருவரேனும் மாணவரால் அறியப்பட்டிருத்தல் வேண்டும். ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் கற்பித்தற் சுமையினின்று விடுவிக்கப்படல் வேண்டும். 1926 என்னும் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் வகுப்பறைச் சுவரில் எழுதப்படல் வேண்டும். பாடசாலை நாளில் மேற்பார்வையற்ற ஓய்வு நேரமும், வாரத்தில் ஒரு நாளேனும் தனியார் வகுப்பில்லாத மாலையும் வேண்டும். இடைநடுவிற் பாடசாலை மாறிவரும் பிள்ளையை ஒரு தோழருடன் இணைத்துவிடுதல் செலவற்ற செயல். பிள்ளையின் நண்பர், எச்சாதியினராயினும் எம்மதத்தினராயினும், வீட்டினுள் வந்து உணவருந்தத்தக்க நிலை வேண்டும். நண்பரைக் கண்டறியாத பெற்றோரால் தீநட்பை இனங்காணவும் இயலாது.

இலங்கையில் 2008 இலும் 2016 இலும் நடாத்தப்பட்ட பாடசாலை மாணவர் சுகாதார மதிப்பீட்டில், மாணவரிடம் ‘உமக்கு எத்தனை நெருங்கிய நண்பர் உளர்?’ என்னும் வினாவும் கேட்கப்பட்டது. உயரத்தையும் நிறையையும் உண்ணும் பழவகையையும் பற்றிக் கேட்ட அதே தாளில் நண்பரைப் பற்றியும் கேட்டமை முன்னேற்றமே. ஆயின் அவ்வினா ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. வீட்டிலும் வகுப்பறையிலும் பிள்ளையிடம் அன்றாடம் கேட்கப்படத்தக்கது. புள்ளி எத்தனை என்று கேட்குமுன், இன்று யாருடன் பேசினாய் என்று கேட்கப் பழகுவோமாயின், பல நோய்களின் காரணத்தை வேலனை அழைக்காமலே நாம் அறிந்துகொள்ளலாம்.